அம்புக்குறிப் பதிவெண்கள்: நெடுஞ்சாலையில் ராணுவ வாகனங்களும் சாலைச் சட்டமும்

இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களுள், மாநிலத்தைக் குறிக்கும் எழுத்துகளோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும் எண்ணோ இல்லாமல், மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியைத் தாங்கிய பதிவெண்ணோடு செல்பவை பாதுகாப்புப் படைகளின் வாகனங்கள். அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வாகனம் படைக்காக வாங்கப்பட்ட ஆண்டையும், கடைசியில் நிற்கும் எழுத்து வாகனத்தின் வகையையும் குறிக்கின்றன. பிரிட்டிஷ் அரசு தனக்குரிய உடைமைகளின் மீது பல நூற்றாண்டுகளாகப் பொறித்துவந்த அம்புக்குறி, காலனி ஆட்சியோடு இந்தியாவுக்கு வந்து, அந்த ஆட்சி அகன்ற பின்னும் படை வாகனங்களின் பதிவெண் பலகையில் தங்கிவிட்டது. இந்தப் பலகையைக் காணும் பொதுமக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன: சாலை விதி எதுவும் இந்த வாகனங்களைக் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று, இவற்றால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்பதற்கு இடமில்லை என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை. இரண்டாவது, ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்து, நீதிமன்றங்களில் நூறாண்டுக்கும் மேல் நடந்த வாதத்தின் முடிவிலேயே பொய்யானது.

1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், படை வாகனங்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தவில்லை. அவற்றுக்கென்று சில தனி வாசல்களை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. அவற்றுள் முதன்மையானது 60ஆம் பிரிவு. மத்திய அரசுக்குச் சொந்தமான, அல்லது அப்போதைக்கு அதன் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு வாகனம், நாட்டின் பாதுகாப்பு தொடர்பான அரசுப் பணிக்குப் பயன்பட்டு, எந்த வணிக முயற்சியோடும் தொடர்பற்றதாக இருந்தால், அதை மத்திய அரசு குறிப்பிடும் அதிகாரி தனியாகப் பதிவு செய்யலாம் என்றும், அவ்வாறு பதிவான வாகனத்துக்கு வேறு பதிவு தேவையில்லை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. வாகனம் அரசின் கையைவிட்டுப் போகும் நாளில் இந்தச் சலுகையும் போய்விடும். ஏலத்தில் விடப்பட்ட பழைய ராணுவ ஜீப்பை வாங்குபவர் மற்றவர்களைப் போலவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று அதைப் பதிவு செய்தாக வேண்டும். மேலும், மாநில அரசு கேட்கும்போது, அந்த வாகனத்தின் பொதுவான தன்மை, நீள அகல உயரம், ஒவ்வோர் அச்சிலும் இறங்கும் எடை ஆகியவற்றைப் பதிவு அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. சாலையும் பாலமும் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கையில், அவற்றின்மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதை அறியும் உரிமையும் மாநிலத்துக்கு உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது.

ஓட்டுநர் உரிமத்துக்கும் இதே அமைப்புதான். 18ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிறைந்த ஒருவருக்குப் பாதுகாப்புப் பணி வாகனங்களை ஓட்டுவதற்கு இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் உரிமத்தைப் படை அதிகாரியே வழங்கலாம். சரக்கு லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்டப் பொதுமக்களுக்கு இருபது வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறும்போது, ராணுவத்தின் மூன்று டன் லாரியைப் பதினெட்டு வயதுச் சிப்பாய் ஓட்டலாம் என்பது சிறிய சலுகையன்று. ஆனால் அந்த உரிமத்தைக் கொண்டு அவர் விடுமுறையில் ஊருக்கு வந்து சொந்தக் காரையோ உறவினரின் லாரியையோ ஓட்ட முடியாது என்பதையும் அந்தப் பிரிவே தெளிவாக்குகிறது. சலுகை பணியை ஒட்டியதே அன்றி ஆளை ஒட்டியதன்று. இந்த ஒரு கோட்பாட்டைப் பற்றிக்கொண்டால், படை வாகனங்கள் குறித்த ஏனைய விதிகளின் போக்கும் எளிதில் விளங்கும்.

போக்குவரத்து வாகனங்களுக்குக் கட்டாயமான பெர்மிட் எனப்படும் அனுமதிச் சீட்டிலிருந்து 66ஆம் பிரிவும், மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து, அதாவது வாகனத்தால் பாதிக்கப்படும் வெளியாருக்கு இழப்பீடு கிடைக்கச் செய்யும் கட்டாயக் காப்பீட்டிலிருந்து, 146ஆம் பிரிவும் அரசு வாகனங்களுக்கு விலக்களிக்கின்றன. இவை இரண்டும் ராணுவத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வணிகத் தொடர்பில்லாத அரசுப் பணி செய்யும் மற்ற அரசு வாகனங்களுக்கும் பொருந்துபவை. காப்பீட்டு விலக்கின் பின்னுள்ள நியாயம், அரசின் கருவூலமே காப்பீட்டு நிறுவனத்தைவிட உறுதியான பிணை என்பது. கருவூலம் மனமுவந்து கொடுத்ததா என்ற கேள்விக்கு வரலாறு தந்த விடை வேறு. அது பின்னர் வரும். பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களைக் கழித்துவிட வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியிலும், நாட்டின் பாதுகாப்புக்காகவும் உள்நாட்டுப் பாதுகாப்புக்காகவும் களப்பணியில் இருக்கும் கவச வாகனங்கள் போன்ற தனிச்சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு தரப்பட்டிருக்கிறது. அலுவலகத்துக்கு அதிகாரியை ஏற்றிச் செல்லும் சாதாரணக் கார் அந்த விலக்குக்குள் வராது.

இதுவரை சொன்னவை எல்லாம் காகிதம் சார்ந்தவை. வாகனம் சாலையில் இறங்கிய பின் எப்படி ஓட வேண்டும் என்ற இடத்தில் சட்டத்தின் குரல் மாறிவிடுகிறது. வேக வரம்பை விதிக்கும் 112ஆம் பிரிவில் படை வாகனங்களுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 1938ஆம் ஆண்டின் போர்ப் பயிற்சி மற்றும் பீரங்கிப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வெளியிட்டு ஒரு பகுதியையும் ஒரு காலத்தையும் அரசு குறித்திருந்தால், அந்தப் பகுதிக்குள், அந்தக் காலத்தில், போர்ப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாகனத்துக்கு மட்டும் வேக வரம்பு பொருந்தாது. அறிவிக்கை முன்கூட்டியே வெளியாக வேண்டும் என்பதால் அந்த வட்டாரத்து மக்களுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. பயிற்சியால் பயிருக்கோ உடைமைக்கோ சேதம் நேர்ந்தால் இழப்பீடு வழங்கவும் அந்தப் பழைய சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. இவ்வளவு குறுகலாக விலக்கை வரையறுத்ததன் மறுபக்கம் என்னவென்றால், அத்தகைய அறிவிக்கை இல்லாத சாதாரண நாளில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்லும் ராணுவ லாரிக்கும் அதன் பின்னால் வரும் காய்கறி லாரிக்கும் வேக வரம்பு ஒன்றேதான். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் மிகத் தெளிவாக எழுதப்பட்ட வரிகளுள் இதைச் சேர்க்கலாம். இடமும் காலமும் காரணமும் குறிக்கப்படாத விலக்கு எதுவும் அதில் இல்லை.

சிவப்பு விளக்கில் நிற்பது, போக்குவரத்துக் குறியீடுகளுக்குக் கீழ்ப்படிவது, குடித்துவிட்டு ஓட்டாதிருப்பது, விபத்து நேர்ந்தால் நிறுத்திக் காயமடைந்தவருக்கு உதவுவது ஆகிய கடமைகளைச் சொல்லும் பிரிவுகள், ஓட்டுநர் சீருடை அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. குறுகலான மலைச் சாலையில் கீழிறங்கும் வாகனம் மேலேறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதி, குன்னூர் வெலிங்டன் பாசறையிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கும் ராணுவ லாரிக்கும் உண்டு. அரசு வாகனங்களின் உச்சியில் சுழன்ற சிவப்பு விளக்குகளை 2017 மே மாதத்தில் மத்திய அரசு நீக்கியபோது, தீயணைப்பு, பேரிடர் மீட்பு, சட்டம் ஒழுங்கு ஆகிய அவசரப் பணிகளுக்கு மட்டும் பல வண்ண விளக்குகளை அனுமதித்து, பாதுகாப்புப் படைகளையும் அந்தப் பணிகளின் பெயராலேயே அதில் சேர்த்தது. வெள்ளத்தில் மக்களை மீட்கச் செல்லும் படை வண்டிக்கு வழிவிடச் சொல்வதும், அதே வண்டி உணவுப் பொருள் வாங்கச் செல்லும்போது வரிசையில் நிற்கச் சொல்வதும் ஒரே நியாயத்தின் இரு முகங்கள்.

ராணுவமும் தன் ஓட்டுநர்களைப் பொதுக் காவல்துறையின் கையில் மட்டும் விட்டுவிடுவதில்லை. சிவப்புத் தொப்பி அணிந்த ராணுவப் போலீசார் படை வாகனங்களின் வேகத்தையும் ஆவணங்களையும் சோதிக்கின்றனர். ஒவ்வொரு பயணமும் யாருடைய உத்தரவின்பேரில், எங்கிருந்து எங்கே என்று பதிவாகிறது. விபத்து வழக்கு நீதிமன்றத்தை அடையும்போது, ஓட்டுநர் பணியில் இருந்தாரா, பாதை மாறிச் சென்றாரா என்ற கேள்விக்கு இத்தகைய பதிவுகளே முதல் சான்றாகின்றன.

தனியாக ஓடும் ஒற்றை லாரியைவிடச் சட்டத்துக்குச் சிக்கலானது, கான்வாய் எனப்படும் வாகன அணி. இருபதோ ஐம்பதோ வாகனங்கள் ஒரே தலைமையின் கீழ், ஒழுங்கான இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்போது, அவற்றைத் தனித்தனி வாகனங்களாகக் கருதுவதா, நீண்ட ஒரே வாகனமாகக் கருதுவதா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு மிகத் துல்லியமாக விடை எழுதியிருப்பது ஜெர்மனி. அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 27ஆம் பிரிவு, வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஓர் அணி என்று அடையாளம் தெரியும் வாகன வரிசையை ஒரே போக்குவரத்து அலகாக நடத்துகிறது. கடைசி வாகனத்தைத் தவிர மற்றவற்றில் நீலக்கொடியும், கடைசி வாகனத்தில் பச்சைக்கொடியும் பறக்கும். முதல் வாகனம் பச்சை விளக்கில் சந்திப்பைக் கடந்துவிட்டால், இடையில் விளக்கு சிவப்பாக மாறினாலும் மற்றவை தொடர்ந்து கடக்கலாம்; வெளியார் நடுவில் புகுந்து அணியை அறுக்கக் கூடாது. ஆனால் நீளமான அணி, மற்றப் போக்குவரத்து குறுக்கே கடந்து செல்வதற்கு இடைவெளிகள் விட்டே செல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ள கட்டளை. படைகளுக்குச் சாலை விதிகளிலிருந்து விலக்கு தரும் 35ஆம் பிரிவும், அரசின் கடமையை நிறைவேற்ற அவசரமாகத் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே அதைத் தருகிறது. பொதுப் பாதுகாப்பை உரிய முறையில் கருதாமல் அந்த விலக்கைப் பயன்படுத்தக் கூடாது.

பல நாடுகள் ஏற்றுக்கொண்ட 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, இதைவிட மென்மையான ஒரு பார்வையைக் கொண்டிருக்கிறது. அதன் 26ஆம் விதி, அணிவகுத்துச் செல்லும் படையினரையும், பொறுப்பாளர் ஒருவர் அழைத்துச் செல்லும் பள்ளிக் குழந்தைகளின் வரிசையையும், ஏனைய ஊர்வலங்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, இவற்றை ஊடறுத்துச் செல்லக் கூடாது என்று தடுக்கிறது. படைக்கு வழிவிடுவது அதன் வலிமைக்கு அஞ்சி அன்று. சிதறினால் ஆபத்து என்பதால்தான். ஆயுதம் ஏந்திய அணியும் கைகோத்த சிறுவர் வரிசையும் சாலையில் ஒரே பாதுகாப்புக்கு உரியவை என்று எழுதியவர்களின் தெளிவு பாராட்டத்தக்கது.

இந்தியாவில் கான்வாய் பற்றிய விவாதம் மிகக் கசப்பான சூழலில் எழுந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், புல்வாமா மாவட்டத்தின் லெத்போரா அருகே, 78 வாகனங்களில் 2,500க்கும் மேற்பட்ட மத்திய ரிசர்வ் காவல் படையினர் சென்ற அணியின் மீது வெடிபொருள் நிரப்பிய கார் ஒன்று மோதியதில் 40 பேர் உயிரிழந்தனர். அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. எனினும் அந்தத் தாக்குதலின் விளைவு எல்லாப் படைகளின் பயணத்தையும் மாற்றியது. அதே ஆண்டு ஏப்ரல் 7 முதல் மே 31 வரை, ஞாயிறு, புதன் ஆகிய இரு நாள்களில், அதிகாலை 4 மணி முதல் மாலை 5 மணி வரை, பாரமுல்லாவிலிருந்து ஸ்ரீநகர் வழியாக உதம்பூர் வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுமக்களின் வாகனப் போக்குவரத்தைத் தடை செய்து ஜம்மு காஷ்மீர் அரசு ஆணையிட்டது. நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் அனுமதி பெற்றுச் செல்ல வழி செய்யப்பட்டிருந்தாலும், பள்ளத்தாக்கை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கும் முதன்மைச் சாலை வாரத்தில் இரண்டு பகல்கள் மூடப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது; வழக்குகளும் தொடுக்கப்பட்டன. தடை பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. நாற்பது உயிர்களைப் பறிகொடுத்த பின் அரசு கடுமையான வழியைத் தேடியது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அணி செல்லும் சில மணி நேரத்துக்குக் குறுக்குச் சாலைகளை மூடுவதற்கும், ஒரு மக்கள்கூட்டத்தின் முதன்மைப் பெருவழியை முழுப் பகலுக்கு மூடுவதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. தமிழ்நாட்டில் ஒசூரில் நுழைந்து, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிவதும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான். அந்தத் தடை இங்கே வந்திருந்தால் எத்தனை பேருடைய வாழ்க்கை நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

எடை குறித்த விதிகளில் ராணுவத்தின் சுவடு, பலரும் அறியாத ஓர் இடத்தில் பதிந்திருக்கிறது. இந்தியச் சாலை மாநாடு என்ற அமைப்பு வகுத்த பால வடிவமைப்பு விதிகளில் எழுபது ஆர் என்றொரு பார வகுப்பு உண்டு. சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டைகளில் ஊரும், 70 டன் எடையுள்ள ஒரு கற்பனை வாகனம் பாலத்தின் மீது ஏறினால் பாலம் தாங்குமா என்று பொறியாளர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சங்கிலிப் பட்டையில் ஊர்வது டாங்கி. ஆகவே ஒரு தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தை வடிவமைக்கும் ஒவ்வொரு பொறியாளரும், தம் வாழ்நாளில் அதன் மேல் டாங்கி ஏறுவதைக் காணாவிட்டாலும், அது ஏறும் நாளை மனத்தில் வைத்தே கம்பியின் தடிமனை முடிவு செய்கிறார். சென்னைக்கு அருகே ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் மார்க் ஒன்று ஏ வகை ஏறத்தாழ 68 டன் எடை கொண்டது என்பதோடு இதை ஒப்பிட்டால் அந்தக் கணக்கின் பொருள் புலப்படும்.

பாலம் தாங்கினாலும் டாங்கி நெடுஞ்சாலையில் தானாக ஊர்ந்து செல்வது அரிது. இரும்புப் பட்டைகள் தாரைக் கிழித்துவிடும் என்பது ஒரு காரணம். நீண்ட தூரம் ஊர்ந்தால் பட்டைகளும் எந்திரமும் போர்க்களத்துக்குப் போகும் முன்பே தேய்ந்துவிடும் என்பது ராணுவத்துக்கு அதைவிட முக்கியமான காரணம். ஆகவே தொலைதூரத்துக்கு ரயிலின் தட்டையான வேகன்களிலும், சாலையில் பல அச்சுகள் கொண்ட டிரெய்லர்களிலும் டாங்கிகள் ஏற்றப்படுகின்றன. டாங்கியும் டிரெய்லரும் இழுவை வண்டியும் சேரும்போது எடை நூறு டன்னை நெருங்கிவிடும். அத்தகைய பயணத்துக்குப் பாலங்களின் வலிமையையும் வளைவுகளின் அகலத்தையும் முன்னதாகவே பார்த்துப் பாதை வகுத்தாக வேண்டும்.

சுங்கச்சாவடி விலக்கு எல்லோரும் அறிந்தது; அதன் எல்லை பலரும் அறியாதது. 1901ஆம் ஆண்டின் சுங்கக் கட்டண (ராணுவம் மற்றும் விமானப்படை) சட்டம், பணியில் அல்லது அணிவகுப்பில் இருக்கும் படையினருக்கும் அவர்களுடைய வண்டிகளுக்கும் பயணச் சுமைகளுக்கும் விலக்கு தருகிறது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் பற்றிய 2008ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்பு அமைச்சக வாகனங்களையும் இந்தச் சட்டத்தின் கீழ் விலக்கு பெறுபவற்றையும் கட்டணமற்றவையாக ஏற்கின்றன. விடுமுறையில் குடும்பத்தோடு சொந்தக் காரில் செல்லும் வீரர் அடையாள அட்டையைக் காட்டி விலக்குக் கேட்கும்போது சாவடிகளில் எழும் தகராறுகளுக்கு, பணி என்ற அந்த ஒரு சொல்லே தீர்வு சொல்கிறது. நாட்டுக்காக உழைப்பவர் மீது சமூகம் கொண்டுள்ள மதிப்பு உண்மையானது. ஆனால் அந்த மதிப்பைச் சுங்கச்சாவடி ஊழியரின் தலையில் சட்டம் சுமத்தவில்லை.

விபத்தில் உயிர் போகும்போது, குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வினா எழுகிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், அமைதிக் காலத்தில் உள்நாட்டில் பொதுமக்களுக்கு எதிராகச் செய்யப்படும் கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், பாலியல் வன்கொடுமை ஆகிய மூன்றையும் ராணுவ நீதிமன்றத்திடமிருந்து விலக்கிப் பொது நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றம், பெரும்பாலான சாலை மரணங்கள் அடங்கும் குற்றம், அந்த மூன்றில் இல்லை. ஆகவே அத்தகைய வழக்கை ராணுவ நீதிமன்றம் நடத்துவதா, பொது நீதிமன்றம் நடத்துவதா என்பதை 125ஆம் பிரிவின்படி உரிய படை அதிகாரி தீர்மானிக்கலாம். அதைப் பொது நீதிமன்றம் ஏற்காவிட்டால், 126ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முடிவுக்கு விட வேண்டும்.

ராணுவ நீதிமன்றம் தன் வீரரைத் தானே விசாரிக்கும்போது சமூகத்தின் நம்பிக்கை எவ்வளவு எளிதில் உடைந்துபோகும் என்பதற்கு, தென்கொரியாவில் நடந்தது உலகம் அறிந்த சான்று. 2002 ஜூன் 13 அன்று, கியோங்கி மாகாணத்தின் யாங்ஜூ பகுதியில், குறுகிய கிராமப்புறச் சாலையின் ஓரமாக நடந்து சென்ற பதினான்கு வயதுப் பள்ளி மாணவியர் இருவர், பயிற்சியில் ஈடுபட்டிருந்த அமெரிக்கப் படையின் பாலம் சுமக்கும் கவச வாகனம் ஏறி இறந்தனர். அந்நிய மண்ணில் நிற்கும் படையின் சட்ட நிலையை வரையறுக்கும் ஒப்பந்தப்படி, பணியின்போது நேரும் குற்றங்களை விசாரிக்கும் முன்னுரிமை படையை அனுப்பிய நாட்டுக்கு உரியது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்குமாறு கொரிய அரசு கேட்டும் அமெரிக்கத் தரப்பு இணங்கவில்லை. நவம்பரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் வாகனத்தின் ஓட்டுநரையும் பொறுப்பாளரையும் விடுவித்தபோது, மெழுகுவர்த்திகளை ஏந்திப் பெருந்திரளான மக்கள் தெருவில் இறங்கினர். குற்றம் இருந்ததா என்பதைக் காட்டிலும், தீர்ப்பு சொல்லும் இடத்தில் தங்கள் நாட்டுக்கு இடமில்லை என்பதே அவர்களைப் புண்படுத்தியது.

தண்டனை ஒருபுறம் இருக்க, பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தருவது யார் என்ற கேள்வியில்தான் இந்தியச் சட்டம் மிக நீண்ட தடுமாற்றத்துக்கு உள்ளானது. தொடக்கம் 1861இல், கல்கத்தாவில். கிதர்பூர் அரசுக் கப்பல் பட்டறையின் தொழிலாளர்கள் சாலையில் சுமந்து சென்ற இரும்புத் துண்டு கீழே விழுந்த ஓசையில் ஒரு தனியார் கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை மிரண்டு காயமடைந்தது. கேட்கப்பட்ட இழப்பீடு 350 ரூபாய். அரசு தர வேண்டும் என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், தனியாரும் செய்யக்கூடிய வேலையை அரசு செய்யும்போதுதான் அது பொறுப்பேற்கும் என்றும், அரசு மட்டுமே செய்யக்கூடிய இறையாண்மைப் பணியில் நேரும் தவறுக்கு வழக்குத் தொடுக்க முடியாது என்றும் ஒரு கோட்டைக் கிழித்தார். வழக்காடியவருக்கு வெற்றி தந்த அந்தத் தீர்ப்பு, அதன்பின் வந்த பலருக்குக் கதவை மூடியது. படை நடத்துவது இறையாண்மைப் பணியே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்படியானால் படையின் லாரி ஓடுவது முழுவதும் இறையாண்மைப் பணிதானா?

இதற்கு உயர் நீதிமன்றங்கள் அளித்த விடைகளை வரிசையாகப் படிப்பவருக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழும். சிம்லாவிலிருந்த ராணுவத் தலைமையகக் கட்டடத்துக்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற படை லாரி மோதிய வழக்கில், நிலக்கரி சுமப்பது எவரும் செய்யக்கூடியது என்று கூறிப் பஞ்சாப் நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. ஆக்கி, கூடைப்பந்து ஆட்டக்காரர்களை ஏற்றிச் சென்று திரும்பிய விமானப்படை வாகனம் உயிர்ப்பலி வாங்கிய வழக்கில் டெல்லி நீதிமன்றமும், பீரங்கிப் பள்ளிக்கு எந்திரம் ஒன்றைக் கொண்டுசென்ற லாரியின் வழக்கில் பம்பாய் நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தன. ஆனால், பணியில் இருக்கும் படையினரைச் சோதிக்கச் சென்ற வாகனம் மோதிய வழக்கில், அது இறையாண்மைப் பணி என்று கூறிப் பஞ்சாப் – ஹரியானா நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. மோதிய லாரியின் வேகமும் கவனக்குறைவும் ஒன்றாகவே இருக்க, லாரிக்குள் நிலக்கரி இருந்ததா, சோதனை அதிகாரி இருந்தாரா என்பதைப் பொறுத்து ஒரு விதவைக்குச் சோறு கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாயிற்று.

இந்த வரிசையில் மனத்தை மிகவும் வருத்துவது சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்து, 1975ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற வழக்கு. தொழிற்சாலையிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சென்று ஐ.என்.எஸ். ஜமுனா என்ற கடற்படைக் கப்பலில் சேர்ப்பதற்காகச் சென்ற பாதுகாப்புத் துறையின் லாரி, ஒரு சிறுவனை மோதியது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, நிரந்தரமான ஊனத்தோடு வெளிவந்த அந்தச் சிறுவன் இழப்பீடு கேட்டபோது, போர்க்கப்பலுக்குப் பொருள் கொண்டுசெல்வது இறையாண்மைப் பணி என்ற முன்தீர்ப்புகளின் கோட்பாட்டுக்குக் கட்டுப்பட்ட நீதிமன்றம், அவனுக்குச் சட்டப்படி எதுவும் கிடைக்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வாறு சொல்வது கொடுமை என்பதையும் நீதிபதிகள் மறைக்கவில்லை; கருணை அடிப்படையில் 10,000 ரூபாயாவது அளிக்குமாறு மத்திய அரசிடம் வேண்டிக்கொண்டார்கள். ஓர் உயர் நீதிமன்றம் ஆணையிட இயலாமல் வேண்டுகோள் விடுக்க நேர்ந்த அந்த நிலை, ஒரு சட்டக் கோட்பாடு தன் நியாயத்தை இழந்துவிட்டதற்கு வேறு சான்று தேடத் தேவையில்லாத நிலை.

அதற்கு முன்பே, 1956இல், இந்தியச் சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே அரசின் இந்தப் பொறுப்பைச் சட்டமாக்கப் பரிந்துரைத்திருந்தது. 1960களில் மசோதா கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகவில்லை. நாடாளுமன்றம் செய்யாததை நீதிமன்றங்களே மெல்ல மெல்லச் செய்தன. 1962இல், மாவட்ட ஆட்சியரின் ஜீப்பைப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஓட்டி வந்தவர் ஒருவரை மோதிக் கொன்ற வழக்கில், குடியரசான நாட்டில் அரசுக்கு அரசருக்குரிய விலக்கு பொருந்தாது என்ற திசையில் உச்ச நீதிமன்றம் சென்றது. 1965இல் வேறொரு வழக்கில் பழைய கோட்டுக்கே திரும்பியது. 1980களில் ராணுவ லாரி ஒன்றின் விபத்து வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு இறையாண்மை விலக்கு பொருந்தாது என்று சுருக்கமாகத் தெளிவுபடுத்தியது. 1994இல் ஆந்திர அரசு தொடர்பான தீர்ப்பில் அந்தக் கோட்பாட்டையே மிகக் குறுகிய வட்டத்துக்குள் அடைத்தது.

இன்று படை வாகனத்தால் பாதிக்கப்படும் ஒருவர் மற்ற விபத்துகளைப் போலவே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதிலாக இந்திய ஒன்றிய அரசே எதிர்மனுதாரராக நிற்கும். விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்ய இயலும் என்பதால், வேறு மாநிலத்தில் விபத்துக்குள்ளானவரின் குடும்பம் அங்கே அலைய வேண்டியதில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் திருத்தம் மனுச் செய்வதற்கு ஆறு மாதக் கெடுவை விதித்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகையால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாவதும், அதில் அம்புக்குறியோடு கூடிய பதிவெண் முழுமையாக இடம்பெறுவதும் இன்றியமையாதவை. ராணுவம் தனக்குள் நடத்தும் விசாரணை, காவல்துறையின் விசாரணைக்கு மாற்றாகாது. படைப்பிரிவு இடம் மாறிவிட்டாலும், அந்த நாளில் அந்த வாகனம் எந்தப் பிரிவின் பொறுப்பில், எந்தப் பணியில் இருந்தது என்பதைப் பதிவெண்ணைக் கொண்டு அரசிடமிருந்து வரவழைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.